மியூசியம் கடைகளில் இணையவழிப் பரிசு வாங்க: முதலில் முகவரி, பிறகுதான் பொருள்

மியூசியம் கடையின் தளத்தைத் திறந்ததும் கண் நேராகப் படங்களுக்குத்தான் போகும். அங்கேதான் பலருக்குக் கணக்கு தப்புகிறது. என்ன வாங்குவது என்பதை மூன்றாவதாக முடிவு செய்யுங்கள். பரிசு எந்த நாட்டில் போய் இறங்க வேண்டும், எந்தத் தேதிக்குள் இறங்க வேண்டும் என்ற இரண்டும் அதற்கு முந்தையவை. அவை முடிவானால் எந்தக் கடை என்பது ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். தலைகீழாகப் போனால், ஆசைப்பட்டு எடுத்த கம்மலுக்கு அதன் விலையில் பாதி அளவு அனுப்புக் கட்டணமும், பெறுபவர் கையால் கட்டும் வரியும் சேர்ந்துகொள்ளும்.

1. பெறுபவர் இருக்கும் நாட்டிலேயே கடையைத் தேடுங்கள்

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது இங்கே முக்கியமில்லை. பார்சல் சுங்க எல்லையைத் தாண்டுகிறதா என்பதே கேள்வி. அமெரிக்காவில் இருப்பவருக்கு அனுப்ப நியூயார்க்கின் மெட் (மெட்ரோபாலிட்டன் மியூசியம்), மோமா (நவீனக் கலை மியூசியம்) டிசைன் ஸ்டோர், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் ஆகியவற்றின் கடைகள் உண்டு. பிரிட்டனுக்கு பிரிட்டிஷ் மியூசியம், வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்), நேஷனல் கேலரி, டேட். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் என்றால் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், வான் கோ மியூசியம், பாரிசின் லூவ்ர். மோமாவுக்கு ஜப்பானிலும் தனிக் கடை இருக்கிறது. உள்நாட்டுப் பார்சலுக்குச் சுங்கமில்லை, கட்டணம் குறைவு, திருப்பி அனுப்புவதும் எளிது.

எல்லை தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் வரி விதிகளை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம். 800 டாலர் வரை வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் பார்சல் போய்க்கொண்டிருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை 1 முதல், எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி உண்டு. பிரிட்டனில் 135 பவுண்டு வரையிலான சரக்குக்கு வாட் வரியைக் கடைக்காரரே பில்லில் சேர்த்து வசூலிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எல்லையில்தான் வசூல்.

பணம் கட்டும் பக்கத்தில் கண்டுபிடிக்க வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: சுங்க வரி விலையில் சேர்ந்திருக்கிறதா, பெறுபவர் கட்ட வேண்டுமா? சேர்ந்தது என்றால் பெரும்பாலும் ‘டிடிபி’ என்றும், சேராதது என்றால் ‘டிஏபி’ அல்லது ‘டிடியூ’ என்றும் போட்டிருப்பார்கள். சேராத பார்சலில் வரி மட்டும் வராது. வரியை முன்பணமாகக் கட்டியதற்கு கூரியர் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கையாளல் கட்டணமும் போடும். சின்னப் பரிசில் வரியைவிட அந்தக் கட்டணமே பெரிதாக இருக்கும். பரிசு பெறுபவர் வாசலில் நின்று பணம் எடுத்துக் கொடுப்பது யாருக்கும் நன்றாக இருக்காது.

“கிஃப்ட் என்று எழுதி அனுப்புங்கள், வரி இருக்காது” என்று கடைக்கு மெயில் போடுபவர்கள் நிறைய. அது செல்லாது. ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு அனுப்புவதற்கே பரிசுச் சலுகை. கடையிலிருந்து நேராகக் கிளம்பும் பொருள் விற்பனைச் சரக்குதான். விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் வேண்டாம். பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்கே கிடைக்கும்.

2. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

டிசம்பர் 24 அன்று கையில் இருக்க வேண்டும் என்று வையுங்கள். தாமதத்துக்கு ஐந்து நாள் ஒதுக்கினால் டிசம்பர் 19. சிக்கனமான வெளிநாட்டு அஞ்சலுக்கு 15 வேலை நாள், அதாவது மூன்று வாரம்; ஆக நவம்பர் 28 அன்று கிடங்கை விட்டுக் கிளம்பியாக வேண்டும். பொதி கட்ட மூன்று வேலை நாள் ஆகும். நவம்பர் 24, 25 வாக்கில் ஆர்டர் கையைவிட்டுப் போயிருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பிளாக் ஃப்ரைடே எப்போதும் நவம்பர் 23க்கும் 29க்கும் இடையில் வரும். அதற்கடுத்த ஞாயிறு ‘மியூசியம் ஸ்டோர் சண்டே’. 2017இல் தொடங்கிய இந்த நாளில் பல நாட்டு மியூசியம் கடைகள் சலுகை தருகின்றன. இரண்டுமே மேலே போட்ட கடைசித் தேதியை ஒட்டியோ அதைத் தாண்டியோ விழுகின்றன. அந்தத் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் சிக்கன அஞ்சல் கைநழுவி விரைவு கூரியருக்கு மாற வேண்டி வரும், மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். உள்நாட்டுப் பார்சல் என்றால் காத்திருக்கலாம். எல்லை தாண்டுவது என்றால் முழு விலை கொடுத்து முன்னாலேயே வாங்குவதே பெரும்பாலும் லாபம்.

இரண்டு பொருள்களுக்கு இந்தக் கணக்கு வேறு. கிறிஸ்துமஸ் வரை நாளுக்கொரு சிறு அட்டைக் கதவைத் திறக்கும் அட்வென்ட் காலண்டர், டிசம்பர் 1 அன்று முதல் கதவைத் திறப்பதற்கானது. டிசம்பர் 10 அன்று வந்தால் அது பரிசாகாது. இன்னொன்று, ஆர்டர் வந்த பிறகு அச்சடிக்கும் ஓவியப் பிரதிகள். இவை மியூசியக் கிடங்கில் இருப்பதில்லை, வெளி அச்சகத்திலிருந்து தனியாக வருகின்றன. ஐந்து முதல் பத்து வேலை நாள் கூடுதலாக வையுங்கள். ஒரே ஆர்டரில் போட்டாலும் மற்ற பொருள்களோடு சேர்ந்து வராது.

3. கடை அசல்தானா

ஆண்டுக் கடைசியில் “மியூசியம் கடை மூடல், 80 சதவீதத் தள்ளுபடி” என்று சமூக ஊடக விளம்பரங்கள் வரும். முகவரியில் மியூசியத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. அசல் கடைகளிலேயே பலவற்றின் முகவரி மியூசியத்தின் முகவரியிலிருந்து வேறுபட்டிருக்கும். நம்பகமான வழி ஒன்றுதான்: மியூசியத்தின் முதன்மைத் தளத்துக்குப் போய், அங்குள்ள ‘ஷாப்’ இணைப்பைத் தொட்டு உள்ளே நுழையுங்கள்.

பொதுச் சந்தைத் தளங்களில் மியூசியம் பெயரோடு விற்பவை எல்லாமே போலி என்றில்லை. சிலவற்றை உரிமம் பெற்ற நிறுவனம் தயாரித்து விற்கும், மியூசியத்துக்கு உரிமத்தொகை போகும். மியூசியத்துக்கு முழு ஆதாயமும் போகட்டும் என்று நினைப்பவர்கள் நேர்க்கடையில் வாங்கலாம்.

4. பொருள் விவரத்தை வாசிக்கும் முறை

நல்ல மியூசியம் கடையில், பொருளின் பக்கத்திலேயே அது எந்தச் சேகரிப்புப் பொருளிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கும்: ஆண்டு, செய்பொருள், காட்சிக்கூடம். அமெரிக்காவில் இதற்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். 1973இல் வருமான வரித் துறை இரண்டு தீர்ப்புரைகள் தந்தது. கலை மியூசியம் தன் ஓவியங்களை அச்சிட்ட வாழ்த்து அட்டைகளை விற்பது அதன் பணியோடு சேர்ந்தது, அதனால் வரியில்லை. அதே கலை மியூசியம் அறிவியல் புத்தகமோ ஊர் நினைவுப்பொருளோ விற்றால் அது பணிக்குப் புறம்பான வியாபாரம், வரி உண்டு. அன்றிலிருந்து ‘இது எந்தக் கலைப்பொருளோடு தொடர்புடையது’ என்ற குறிப்பு கடைக்காரர்களுக்குக் கௌரவத்துக்காக மட்டும் எழுதுவதல்ல. அந்தக் குறிப்பே இல்லாத குவளையையும் பையையும் வேறு எங்கும் வாங்கலாம்.

அந்தக் குறிப்பில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். ‘ரீப்ரொடக்‌ஷன்’ என்றால் மூலத்தின் நகல். ‘இன்ஸ்பயர்டு பை’, ‘அடாப்டட் ஃப்ரம்’ என்றால் மூலத்தில் ஒரு பூவையோ வளைவையோ எடுத்துப் புதிதாகச் செய்தது. இரண்டாவது மோசமில்லை. ஆனால் வரலாற்றில் ஊறியவருக்குப் பரிசு கொடுக்கும்போது முதலாவதுதான் நிற்கும்.

ஓவியப் பிரதிகள். தவறு அதிகம் நடப்பது இங்கேதான், அதுவும் படத்தை மாட்டும் சட்டத்தின் (ஃப்ரேம்) அளவில். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை அச்சு ஏறக்குறைய 25.7 செ.மீ. உயரம், 37.9 செ.மீ. அகலம். அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1.47. கடையில் எளிதாகக் கிடைக்கும் 30 x 40 சட்டத்தின் விகிதம் 1.33. அகலத்தைப் பொருத்தினால் படத்தின் உயரம் 27 செ.மீ. வரும், மேலும் கீழும் ஒன்றரை செ.மீ. வெள்ளை நிற்கும். அது அழகுதான். உயரத்தைப் பொருத்தினால் அகலம் 44 செ.மீ. ஆகி, 4 செ.மீ. வெட்டுப்படும். வெட்டு இடப்பக்கம் விழுந்தால் மேல் மூலையில் இருக்கும் தலைப்புக் கட்டமும் ஹொகுசாயின் கையெழுத்தும் மாட்டிக்கொள்ளும். படத்தில் வெள்ளை ஓரம் காட்டுகிறார்களா, விளிம்புவரை அச்சா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

வான் கோவின் ‘பாதாம் மலர்’ இதற்கு நேர்மாறு. 73.3 x 92.4 செ.மீ., விகிதம் 1.26. 40 x 50 சட்டத்தில் கச்சிதமாக உட்காரும், 50 x 70இல் பத்தில் ஒரு பங்கு வெட்டுப்படும். 1890இல் தம்பிக்குப் பிறந்த மகனுக்காக அவர் வரைந்தது அது. குழந்தை பிறந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது அரிது.

‘ஜிக்லே’, ‘ஆர்க்கைவல் பிக்மென்ட்’ என்றால் நிறமி மையில் அமிலமில்லாத தாளில் அச்சிட்டது; நிறம் எளிதில் மங்காது. வெறும் ‘போஸ்டர்’ என்றால் ஆஃப்செட் அச்சு, விலை குறைவு, தொடர்ந்து வெளிச்சம் பட்டால் வெளிறும். தாள் 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் கனம்) கீழே இருந்தால் சட்டமில்லாமல் கொடுக்காதீர்கள். வெளியூர் அனுப்பும்போது சட்டத்தோடு வாங்கவே வேண்டாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் இருக்கட்டும்.

கையில் பணம் குறைவா? மெட் 2017 பிப்ரவரியிலும் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் 2018இலும் காப்புரிமை முடிந்த ஓவியங்களின் பெரிய படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டன. ரைக்ஸ்மியூசியம் அதற்கும் முன்பே திறந்தது. இறக்கி நீங்களே நல்ல அச்சகத்தில் கொடுக்கலாம். 30 x 40 செ.மீ. அச்சுக்குக் குறைந்தது 3543 x 4724 பிக்சல் வேண்டும்.

சிலை, பொம்மை, சதுரங்கம். விலையைத் தீர்மானிப்பது செய்பொருள். ‘ரெசின்’ என்பது பிசின் வார்ப்பு. ‘கோல்டு காஸ்ட் பிரான்ஸ்’, ‘பாண்டட் பிரான்ஸ்’ என்பவை பிசினில் வெண்கலத் தூள் கலந்தவை. கனம் கொஞ்சம் கூடும், வெண்கலம் அல்ல. உண்மை வெண்கலத்துக்கு ‘லாஸ்ட் வாக்ஸ்’ அல்லது மெழுகு வார்ப்பு என்று தெளிவாகப் போடுவார்கள், விலையும் சொல்லும்.

அளவை எப்போதும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பின்னணிப் படத்தில் 5 செ.மீ. பொம்மையும் 25 செ.மீ. பொம்மையும் ஒன்றுபோலத்தான் தெரியும். மெட்டின் செல்லப்பிள்ளையான நீல நீர்யானை ‘வில்லியம்’ ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுப் பழைய எகிப்திய ஃபையான்ஸ் (மெருகிட்ட பீங்கான் போன்றது) உருவம். மூலமே 20 செ.மீ. நீளம்தான். அதன் நகல்கள் பல அளவிலும், பட்டு பொம்மையாகவும் வருகின்றன. அகல நீள உயரம் போடாத பக்கத்தில் வாங்காதீர்கள்.

1831இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்த சதுரங்கக் காய்களின் நகல் பல ஆண்டுகளாகப் பலருக்கும் பிடித்த பரிசு. மூலக் காய்கள் பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தில் செய்தவை. அங்கே கிடைத்த பொருள்களில் 82 பிரிட்டிஷ் மியூசியத்துக்கும், 11 எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து தேசிய மியூசியத்துக்கும் உரியவை. மூன்று விஷயம் பாருங்கள். தனிக் காயா, 32 காய் உள்ள முழு செட்டா? பலகை சேர்ந்ததா? சேராததென்றால், ராஜாவின் அடிப்பாகம் என்ன அளவு? அடிப்பாகம் கட்டத்தின் நான்கில் மூன்று பங்கை வெகுவாகத் தாண்டினால் ஆடுவது சிரமம், அலமாரியில் வைக்கத்தான் ஆகும்.

நகை. ‘வெர்மெய்ல்’ என்று போட்டிருந்தால் வெள்ளியின் மேல் தங்கம். அமெரிக்க வரையறைப்படி பூச்சு 2.5 மைக்ரானாவது இருக்க வேண்டும். ‘கோல்டு பிளேட்டட்’ என்றால் அடியில் பித்தளையும் இருக்கலாம். ‘கோல்டு டோன்’ என்றால் நிறம் மட்டுமே. தோல் அரிப்பு உள்ளவர்களுக்கு ‘நிக்கல் ஃப்ரீ’ என்ற சொல் இல்லாத கம்மலை வாங்காதீர்கள். துளையிட்ட காதுக்கா, கிளிப்பா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு வகையும் ஒரே படத்தில் இருக்கும், கீழே உள்ள தேர்வுப் பெட்டியில்தான் வித்தியாசம். காதணியைச் சுகாதாரக் காரணம் சொல்லிப் பல கடைகள் திரும்ப வாங்காது. சிப்பி, இறகு, தோல் வைத்த நகைகள் சில நாட்டு எல்லைகளில் அனுமதிச் சீட்டு கேட்கும். எல்லை தாண்டுவதாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

வாழ்த்து அட்டை. மோமா 1965இல் கிறிஸ்துமஸ் அட்டைக்காக ஓவியர் ராபர்ட் இந்தியானாவிடம் வாங்கிய வடிவம்தான் பிற்பாடு உலகமெங்கும் சிலையாக நின்ற ‘லவ்’. அட்டைப் பெட்டியில் எத்தனை அட்டை, எத்தனை உறை, உள்ளே அச்சிட்ட வாசகம் உண்டா வெற்றிடமா என்று பாருங்கள். சதுர அட்டை பார்க்க அழகு, ஆனால் அமெரிக்காவில் சதுர உறையை இயந்திரம் பிரிக்காது என்று ஒவ்வொன்றுக்கும் கூடுதல் தபால் கட்டணம் உண்டு. ஐம்பது பேருக்கு அனுப்பும்போது கடிக்கும்.

ஜிக்சா. 1000 துண்டு செட் விரித்தால் ஏறக்குறைய 68 x 48 செ.மீ.; அவ்வளவு மேசை இருக்கிறவருக்கே கொடுங்கள். இருட்டு ஓவியம் வேண்டாம். ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ சுவரில் அற்புதம். துண்டுகளாக்கினால் பாதி கறுப்பு. புரூகல் 1560இல் வரைந்த ‘சிறுவர் விளையாட்டுகள்’ போல 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள் நெருக்கியடிக்கும் படம்தான் ஜிக்சாவுக்கென்றே பிறந்தது.

பட்டுத் துணி, விளக்கு, புத்தகம் மூன்றுக்கும் ஒவ்வொரு வரி போதும். ‘சில்க் ட்வில்’ பட்டு, ‘சாட்டின்’ என்று மட்டும் போட்டால் பாலியஸ்டராக இருக்கலாம். அமெரிக்க விளக்கு 120 வோல்ட்டுக்கானது, பிளக் மாற்றியால் 230 வோல்ட் சரியாகாது. கண்காட்சிப் புத்தகம் இரண்டு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், அனுப்புக் கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் பார்த்த பிறகே ஆசைப்படுங்கள்.

5. உறுப்பினர் தள்ளுபடி

பல மியூசியங்கள் உறுப்பினருக்கு 10 சதவீதம் தருகின்றன. உறுப்பினர் கட்டணம் 90 என்றால் 900க்கு வாங்கினால்தான் சமன். தள்ளுபடிக்காக மட்டும் சேர்வது அநேகமாக நஷ்டம். ஆனால் அந்த ஊரிலேயே இருக்கும் ஒருவருக்கு உறுப்பினர் அட்டையையே பரிசாகக் கொடுக்கலாம். எடை இல்லை, சுங்கம் இல்லை, டிசம்பர் 23 அன்றும் மின்னஞ்சலில் போய்ச் சேரும். அஞ்சல் தேதி தப்பியவர்களுக்கு இதைவிட நல்ல மாற்று கிடையாது.

6. பணம் கட்டும் பக்கத்தில்

வரிசையாகச் செய்யுங்கள். முதலில் அனுப்பும் நாட்டை மாற்றுங்கள். மாற்றியதும் சில பொருள்கள் கூடையிலிருந்து மறையும், அவை அந்த நாட்டுக்குப் போகாது. முதலில் மறைபவை வாசனைத் திரவியமும் லித்தியம் பேட்டரி உள்ளவையும்தான். பிறகு அனுப்பும் முகவரி, பில் முகவரி இரண்டையும் தனித்தனியாக நிரப்புங்கள். பில் முகவரி வங்கியில் உள்ளபடியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு மறுக்கப்படலாம்.

மின்னஞ்சல் உங்களுடையது. தொலைபேசி எண் பெறுபவருடையது. எண் இல்லாமல் கூரியர் வாசலில் திரும்பிவிடுவார். இதில் ஒரு விலை உண்டு: கடையின் பெயரோடு குறுஞ்செய்தி பெறுபவருக்குப் போய்விடலாம். எல்லை தாண்டும் பெட்டியின் மேல் சுங்கப் படிவத்தில் பொருளும் விலையும் எழுதியிருக்கும், அதை மறைக்க முடியாது. ரகசியம் முக்கியமென்றால் அதே வீட்டில் இன்னொருவர் பெயருக்கு அனுப்புங்கள்.

‘கிஃப்ட்’ கட்டத்தைத் தொட்டால் மூன்று விஷயங்கள் ஒன்றாகத் தெரியும், அவை வேறு வேறு: விலையில்லாத ரசீது, வாழ்த்துச் செய்தி, பரிசுத் தாள். பெரும்பாலும் தாளுக்கு மட்டும் பணம். வாழ்த்தைத் தமிழில் எழுத ஆசை வரும். கிடங்கு அச்சுப்பொறியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கேள்விக்குறிகளும் வெற்றுக் கட்டங்களும்தான் அச்சாகும். கடைக்கு மெயில் போட்டுக் கேளுங்கள், அல்லது தமிழ் வாழ்த்தைத் தனியாக அனுப்புங்கள்.

கார்டு விவரம் கொடுத்ததும் ‘உங்கள் நாணயத்தில் கட்டவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிக் கடையின் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். அந்த வசதியில் மாற்று விகிதம் பெரும்பாலும் வங்கி விகிதத்தைவிட மோசம்.

7. பார்சல் வந்த பிறகு

பெறுபவர் பண்டிகைக்கு முன் பிரிக்க மாட்டார் என்பதால் உடைந்தது தெரியவே இரண்டு வாரம் ஆகும். சேதப் புகாருக்குப் பல கடைகள் சில நாள்தான் தரும். அதனால் வெளிப்பெட்டி நசுங்கியிருந்தால் மட்டும் உடனே பிரித்துப் பார்க்கச் சொல்லி வையுங்கள். ஆறு பக்கமும் பெட்டியைப் படமெடுத்து, உள் மெத்தையையும் எறியாமல் வைத்தால் வாதம் எளிது.

பிடிக்காமல் திருப்புவது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்து திருப்பலாம், ஆனால் அந்த 14 நாள் பார்சல் கையில் வந்த நாளிலிருந்து ஓடும். பெயர் பொறித்தது போன்ற, உங்களுக்கென்றே செய்த பொருளுக்குச் செல்லாது. நவம்பரில் வாங்கியதை டிசம்பர் இறுதியில் திருப்ப, கடையே தரும் பண்டிகைக்கால நீட்டிப்பு வேண்டும். ஆர்டர் போடும் முன் அந்தத் தேதியைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். பணம் திரும்பப் போவது வாங்கியவர் கார்டுக்குத்தான். பரிசு ரசீதோடு போகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைக் கடன்சீட்டு. எல்லையில் கட்டிய சுங்க வரியைக் கடை தராது, அதைத் திரும்பக் கேட்க அந்த நாட்டுச் சுங்கத் துறைக்குத் தனியாக எழுத வேண்டும்.